பன்னிரண்டு பக்கற்றும் நாற்பது பக்கற்றும்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பேலியகொடைப் பக்கம் உள்ள தேயிலை பொதியிடும் கம்பனியொன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வார இறுதியில் டிப்ளோமா வகுப்புக்கும் போகிறேன். 100 கிராம் பக்கற் நிரப்பும் எங்கள் பழைய இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு புதிய இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தோம். பழையதில் நாளுக்கு 4 வீதம் பத்து வேலை நாட்களில் 40 பக்கற் நிறுத்தோம். இடை (சராசரி) 101.4 கிராம், நியம விலகல் 0.8. புதியதில் ஒரு பிற்பகலில் அரை மணி நேரத்துக்குள் 12 பக்கற் எடுத்தோம். இடை 102.2, நியம விலகல் 1.9. மென்பொருள் முதல் வரியில் பி பெறுமானம் 0.04 என்றும் அடுத்த வரியில் 0.18 என்றும் காட்டுகிறது. எதை அறிக்கையில் எழுதுவது? வகுப்பில் தந்த வரைபடத்தின்படி முதலில் தரவு மணி வடிவச் செவ்வன் பரம்பலா என்று சோதித்து, பிறகு மாறற்றிறன்கள் சமமா என்று சோதித்து, அதன் பிறகே டி சோதனைக்குப் போகவேண்டும். முகாமையாளரோ, “இரண்டும் ஒன்றா, இல்லையா?” என்று ஒரே வரியில் பதில் கேட்கிறார். இரண்டு ஈரப்பதமானிகளை ஒப்பிட்ட கணக்கையும் இணைத்துள்ளேன். அதில் 0.69 வந்ததால் இரண்டும் ஒன்றே என்று எழுதிவிட்டேன். அடுத்து மூன்று ஷிஃப்டுகளையும் ஒப்பிட வேண்டும். மூன்று டி சோதனை செய்தால் போதும் என்கிறார் தோழி.
– வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

0.18 ஐ எழுதுங்கள். ஆனால் அதை எழுதிவிட்டு அறிக்கையை மூடிவிடாதீர்கள். பி பெறுமானம் என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு. உங்கள் கடிதத்தில் உள்ள மிகப் பெரிய செய்தி அந்த இரண்டு பி பெறுமானங்களிலும் இல்லை. நியம விலகல் என்று சாதாரணமாக எழுதிவிட்டுப் போன, நிறைகள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் 0.8, 1.9 என்ற இரண்டு எண்களில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், ஒரே தரவுக்கு மென்பொருள் ஏன் இரண்டு விடை சொல்கிறது? இரண்டு இடைகளை ஒப்பிடுவதற்கென்று பாடப்புத்தகத்தில் முதலில் வரும் டி சோதனை, இரண்டு இயந்திரங்களின் சிதறலும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டு, இரண்டு மாறற்றிறன்களையும் (நியம விலகல்களின் வர்க்கங்களையும்) ஒரே பானையில் கொட்டிக் கலக்கிவிடுகிறது. கலக்கும்போது மாதிரி பெரிதாக உள்ள பக்கத்துக்குச் செல்வாக்கு அதிகம். அமைதியான 40 பக்கற்றுகள், ஆட்டம் போடும் 12 பக்கற்றுகளின் குரலை அமுக்கிவிடுகின்றன. கலந்த நியம விலகல் 1.14 என்று வருகிறது. ஆகவே புதிய இயந்திரத்தின் இடையில் உள்ள நிச்சயமின்மை 1.14 ஐ 12 இன் வர்க்கமூலத்தால் வகுக்க வரும் 0.33 கிராம்தான் என்று சோதனை நம்புகிறது. உண்மையில் அந்த இயந்திரத்தின் சொந்தச் சிதறல் 1.9. அதை வகுத்தால் 0.55 வருகிறது. சோதனை தன் அறியாமையைக் குறைத்து மதிப்பிட்டு 0.04 என்று துணிந்து சொல்கிறது.

அடுத்த வரியில் உள்ளது 1947 இல் புள்ளிவிபரவியலாளர் வெல்ச் கொடுத்த வடிவம். அது கலப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் நிச்சயமின்மையையும் தனியே கணக்கிட்டுக் கூட்டுகிறது. 0.8 கிராம் வித்தியாசத்துக்கு எதிரே இருக்கும் நியம வழு, அதாவது அந்த வித்தியாசத்தில் உள்ள நிச்சயமின்மை, 0.37 அல்ல, 0.56. அதனால்தான் 0.18.

சிறிய மாதிரியில் சிதறல் அதிகமாக இருந்தால் பழைய சோதனை இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும். பெரிய மாதிரியில் சிதறல் அதிகமாக இருந்தால் இருக்கும் வித்தியாசத்தையும் கண்டுகொள்ளாது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை என்றால் இரண்டு வரிகளும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லும். சிதறல்கள் உண்மையில் சமமாக இருக்கும்போது வெல்ச் வடிவத்தைப் பயன்படுத்துவதால் இழப்பது மிகச் சொற்பம். சமமாக இல்லாதபோது பழையதைப் பயன்படுத்தினால் இழப்பது உங்கள் அறிக்கையின் மானம். அதனால் இரண்டு தனித்தனிக் குழுக்களின் இடைகளை ஒப்பிடும்போது நான் எப்போதும் வெல்ச்சில்தான் தொடங்குகிறேன். ஆர் மென்பொருளில் டி சோதனை கேட்டால் அது சொல்லாமலே இதைத்தான் செய்யும். எக்செல்லில் டி.டெஸ்ட் சூத்திரத்தின் கடைசி இடத்தில் 2 போட்டால் பழைய வடிவம், 3 போட்டால் வெல்ச். அலுவலகங்களில் நான் பார்க்கும் தாள்களில் பெரும்பாலும் 2 தான் இருக்கும். யாரோ ஒருவர் ஒருமுறை போட்டது, ஆண்டாண்டாகப் பிரதி செய்யப்பட்டு வருகிறது.

இனி அந்த வரைபடம். அதைத் தந்தவரைக் குறை சொல்லமாட்டேன். நானும் அதைப் படித்துத்தான் வந்தேன், சில காலம் படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால் 1953 இலேயே புள்ளிவிபரவியலாளர் ஜோர்ஜ் பொக்ஸ் இந்த வழக்கத்தைக் கிண்டல் செய்துவிட்டார். இடைகளை ஒப்பிடுவதற்கு முன் மாறற்றிறன்களைச் சோதிப்பது, பெரிய கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படும் அளவுக்குக் கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துவர ஒரு துடுப்புத் தோணியை அனுப்புவது போல என்றார். துறைமுக நகரத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாறற்றிறனைச் சோதிக்கும் பழைய முறைகள், செவ்வன் பரம்பலிலிருந்து தரவு கொஞ்சம் விலகினாலும் கவிழ்ந்துவிடுகின்றன. டி சோதனை அதைவிட எவ்வளவோ தாக்குப்பிடிக்கும்.

செவ்வன் பரம்பலுக்கான சோதனையும் அப்படித்தான். 12 பக்கற்றில் அது பெரும்பாலும் எதையும் கண்டுபிடிக்காது. 4,000 பக்கற்றில் பொருட்படுத்தத் தேவையில்லாத வளைவையும் கண்டுபிடித்துக் கூச்சலிடும். வேண்டிய இடத்தில் உதவாது, வேண்டாத இடத்தில் உதவும். அதற்குப் பதில் ஒரு கோடு போட்டு 12 புள்ளிகளையும், அதன் கீழே 40 புள்ளிகளையும் கையாலேயே குறியுங்கள். ஒரு பக்கற் மட்டும் தனியே தூரத்தில் நிற்கிறதா? இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கிறதா? நிரப்பும் வாய் இரண்டு இருந்து, ஒன்று தாராளமாகவும் மற்றது கஞ்சத்தனமாகவும் கொட்டினால் இரண்டு கூட்டம் தெரியும். செவ்வன் பரம்பல் சோதனை அதை உங்களுக்குச் சொல்லாது.

முகாமையாளரின் கேள்விக்கு வருவோம். “இரண்டும் ஒன்றா?” 0.18 என்பதை வைத்து “ஆம், ஒன்றே” என்று சொல்லிவிடாதீர்கள். இடைகளின் வித்தியாசத்துக்கான 95 வீத நம்பிக்கை ஆயிடையை உங்கள் எண்களிலிருந்து கணக்கிட்டேன். புதியது பழையதைவிட 0.4 கிராம் குறைவாக இருக்கலாம், 2.0 கிராம் கூடுதலாகவும் இருக்கலாம். 100 கிராம் பக்கற்றில் 2 கிராம் என்பது கம்பனிக்குச் சிறிய விடயம் அல்ல. தெரியவில்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் வேறு வேறு. ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல், அவர் இடையைப் பற்றி மட்டும் கேட்பதுதான்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரயிலில், மற்றவர் காலி வீதி பஸ்ஸில். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் பயண நேரத்தின் இடை ஒன்றாகவே வரலாம். ஆனால் அலுவலக வாசலில் விரல் பதிக்கும் இயந்திரம் 8.30 க்குச் சிவப்பாகிவிடும் என்றால், இடை யாருக்கு வேண்டும்? மோசமான நாள் எவ்வளவு மோசமாகும் என்பதுதான் கேள்வி.

உங்கள் பக்கற்றுக்கு 8.30 என்பது 100 கிராம். உறையில் அப்படி அச்சிட்டுவிட்டீர்கள். பழைய இயந்திரத்தின் இடை, அந்த எல்லையிலிருந்து 1.75 நியம விலகல் உயரத்தில் நிற்கிறது. நிறைகள் செவ்வன் பரம்பலில் இருப்பதாகக் கொண்டால், நூற்றுக்கு 4 பக்கற் அளவில் 100 கிராமுக்குக் கீழே விழும். புதியதன் இடை கூடுதல், 102.2. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிதறல் 1.9 என்பதால் எல்லையிலிருந்து அதன் உயரம் 1.16 நியம விலகல்தான். நூற்றுக்கு 12 பக்கற் குறைநிறையாக வரும். சராசரியாகத் தேயிலையை அள்ளிக் கொடுத்துக்கொண்டே, பழையதைவிட மூன்று மடங்கு வாடிக்கையாளர்களுக்குக் குறைத்தும் கொடுக்கும் இயந்திரம்!

அதைப் பழையதன் 4 வீதத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் இடையை 103.3 கிராமுக்கு உயர்த்தி வைக்கவேண்டும். பழையதைவிடப் பக்கற்றுக்கு 1.9 கிராம் கூடுதல். நாளுக்கு 20,000 பக்கற் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 38 கிலோ தேயிலை தினமும் இலவசமாகப் போகும். உங்கள் உண்மையான எண்ணிக்கையைப் போட்டுப் பெருக்கி, கிலோவின் விலையையும் போட்டு முகாமையாளரிடம் காட்டுங்கள். பி பெறுமானத்தை விளங்கிக்கொள்ள அவருக்கு நேரமில்லாமல் இருக்கலாம். இதை விளங்கிக்கொள்வார்.

அப்படியானால் இந்தச் சிதறல் வித்தியாசம் உண்மையானதா, 12 பக்கற் என்பதால் தற்செயலாக வந்ததா? இங்கேதான் மாறற்றிறனைச் சோதிப்பது நியாயமான வேலையாகிறது. அது இன்னொரு சோதனைக்கு வாசல் அல்ல, தானே கேள்வி. மாறற்றிறன்களின் விகிதம் 3.61 ஐ 0.64 ஆல் வகுக்க 5.6. எஃப் சோதனையில் இது மிக அரிதான பெறுமானம். பி 0.001 ஐவிடச் சிறியது. ஆனால் எஃப் சோதனையைத்தான் நான் தோணி என்றேன். தனியாக நிற்கும் ஒரே ஒரு பக்கற் அதைக் கவிழ்த்துவிடும். அதனால் லெவீன் 1960 இல் சொன்ன வழியை, 1974 இல் பிரவுனும் ஃபோர்சைத்தும் திருத்திய வடிவில் செய்யுங்கள்.

பெயர்தான் பெரிது, வேலை எளிது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நிறைகளின் இடையத்தைக் கண்டுபிடியுங்கள். இடை அல்ல, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பெறுமானம். ஒவ்வொரு பக்கற்றும் தன் இயந்திரத்தின் இடையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு, புதிய நிரலில் எழுதுங்கள். அந்தத் தூரங்களின் இடைகளை டி சோதனையால் ஒப்பிடுங்கள். புத்தக முறை பழைய வடிவத்தில் செய்வது. நான் இங்கும் 3 ஐப் போட்டு ஒருமுறை பார்த்துக்கொள்வேன். சிதறலை ஒப்பிடும் கேள்வி இப்படித் தூரங்களின் இடையை ஒப்பிடும் கேள்வியாக மாறிவிடுகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு ஒரு மந்திர வித்தை போலத் தோன்றியது, இன்றும் அப்படியே.

மாதிரி 12 தானே என்று வெட்கப்பட வேண்டாம். டி சோதனை பிறந்ததே இப்படிப்பட்ட சங்கடத்தில்தான். டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்த கொசெட், கையில் இருந்த சில அளவீடுகளை வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்ததால் அந்தக் கணக்கைப் போட்டார். கம்பனி சொந்தப் பெயரில் எழுத விடாததால் 1908 இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். எண்ணிக்கை குறைவு என்பது குற்றம் அல்ல. அந்தப் பன்னிரண்டையும் எடுத்த விதம்தான் என்னை உறுத்துகிறது.

பழையதில் பத்து நாள். பத்து நாளின் ஈரலிப்பு, பத்து நாளின் தூசி, வெவ்வேறு ஆட்கள், எல்லாம் அந்த 40 க்குள் இருக்கின்றன. புதியதில் ஒரே அரை மணி நேரம். அடுத்தடுத்து விழுந்த பக்கற்றுகள் ஒன்றையொன்று பார்த்து நடக்கும். ஒன்று கனத்தால் அடுத்ததும் கனக்கும். அப்படியானால் அந்த 12, பன்னிரண்டு தனித்தனிச் சாட்சிகள் அல்ல. 102.2 என்பது அந்த இயந்திரத்தின் இடையும் அல்ல, அந்தப் பிற்பகலின் இடை. மறுநாள் காலையில் 101 ஆக இருக்கலாம். வெல்ச் ஆனாலும் வேறு யார் ஆனாலும் இதைத் திருத்த முடியாது. சிதறலைப் பொறுத்தவரை இந்தக் குறை ஓரளவு புதிய இயந்திரத்துக்குச் சாதகமானது. அரை மணி நேரத்துக்குள் நாளுக்கு நாள் வரும் மாற்றங்கள் எவையும் நுழைந்திருக்க முடியாது. அப்படியிருந்தும் 1.9. ஆகவே சிதறல் பற்றிய சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: இயந்திரத்தை அப்போதுதான் சூடேற்றி, தொழில்நுட்பவியலாளர் முறுக்கித் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்த அரை மணி நேரமா அது? அப்படியென்றால் நீங்கள் அளந்தது இயந்திரத்தை அல்ல, அவர் கையை.

ஈரப்பதமானிகள். இங்கே நீங்கள் எழுதியது தவறு, திருத்தி அனுப்பவேண்டும். இணைத்த தாளைப் பார்த்தேன். ஒரே பத்துத் தேயிலை மாதிரிகளை இரண்டு கருவிகளிலும் அளந்திருக்கிறீர்கள். தேயிலைக்குத் தேயிலை ஈரப்பதம் வேறுபடுவதால் ஒவ்வொரு நிரலிலும் நியம விலகல் 1.1. கருவிகளுக்கு இடையிலான சராசரி வித்தியாசமோ 0.2 தான். தனித்தனிக் குழுக்களுக்கான சோதனை, தேயிலைகளின் வேறுபாட்டையெல்லாம் கருவியின் கணக்கில் இரைச்சலாக எழுதிவிட்டது. அதில் அந்த 0.2 காணாமல் போய்விட்டது. ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு வாசிப்புகளின் வித்தியாசத்தை எடுத்தால் அந்தப் பத்து வித்தியாசங்களின் நியம விலகல் 0.15 மட்டுமே. சோடியாகச் சோதித்தால் டி 4.2, பி பெறுமானம் 0.002. ஒரு கருவி நிச்சயமாகக் கூட்டிக் காட்டுகிறது. எக்செல்லில் கடைசி எண் 1. பிறகு எந்தக் கருவி சரி என்பதை அடுப்பில் உலர்த்தி நிறுத்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். கணக்கு சொல்லாது.

இது தொடர்பாக ஒரு பழைய அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்த ஒரு சோடித் தரவில் எல்லாம் அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தது. அறிக்கையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, தாளைத் தயாரித்தவர் ‘பார்க்க அழகாக இருக்கட்டும்’ என்று இரண்டு நிரல்களையும் தனித்தனியே ஏறுவரிசைப்படுத்தியிருக்கிறார். சோடிகள் எல்லாம் கலைந்து, யாரோ யாரையோ கட்டிக்கொண்டது போல ஆகிவிட்டது. அன்றிலிருந்து சோடித் தரவு வந்தால் மாதிரி இலக்கம் உள்ள நிரல் இல்லாமல் தொடுவதில்லை. உங்கள் தாளில் அது இருக்கிறது, சந்தோஷம்.

ஷிஃப்டுகள் பற்றிச் சுருக்கமாக. மூன்று டி சோதனை வேண்டாம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 5 என்று வைத்த தவறு, மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நூற்றுக்கு 12 அளவுக்கு ஏறிவிடும். மூன்று இடைகளையும் ஒன்றாக ஒப்பிடும் மாறற்றிறன் பகுப்பாய்வைச் செய்யுங்கள். பெயரில் மாறற்றிறன் இருந்தாலும் அது ஒப்பிடுவது இடைகளைத்தான். இந்தப் பெயரால் குழம்பாத மாணவரை நான் பார்த்ததில்லை. அதற்கும் வெல்ச்சின் வடிவம் உண்டு, அதையே எடுங்கள். எந்த ஷிஃப்ட் வேறுபடுகிறது என்று பிறகு தேட கேம்ஸ்–ஹவல் முறை பொருந்தும். ஆனால் சோதனைக்கு முன் ஒரு கேள்வி: இரவு ஷிஃப்டில் டஸ்ட் ரகம் மட்டும், பகலில் பி.ஓ.பி.எஃப் ரகம் மட்டும் என்று பிரித்து நிரப்புகிறார்களா? கனவளவை வைத்து நிரப்பும் இயந்திரத்தில் தேயிலையின் ரகம் மாறினாலே நிறை மாறும். அதை ஆட்களின் தலையில் கட்டிவிட்டால் தொழிற்சங்கம் கேட்கும், கேட்கவும் வேண்டும்.

செவ்வன் பரம்பல் இல்லையென்றால் மான்–விட்னி சோதனைக்குத் தாவிவிடு என்றும் உங்கள் வரைபடத்தில் இருக்கும். அது இடைகளை ஒப்பிடுவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து எடுத்த பக்கற், மற்றப் பக்கத்திலிருந்து எடுத்ததைவிடக் கனமாக இருக்கும் வாய்ப்பைப் பார்க்கிறது. நல்ல சோதனைதான். ஆனால் கம்பனி தேயிலை வாங்குவதும் விற்பதும் கிலோக் கணக்கில், அதாவது கூட்டுத்தொகையில். கூட்டுத்தொகையோடு உறவுள்ளது இடை. இந்த வேலைக்கு மான்–விட்னி வேண்டாம்.

முகாமையாளருக்கு ஒரு வரி கேட்டீர்கள். நாலு வரி தருகிறேன், அப்படியே போடலாம்:

“புதிய இயந்திரத்தின் சராசரி நிறை பழையதிலிருந்து வேறுபடுகிறதா என்பதை இந்த 12 பக்கற்றை வைத்துச் சொல்ல முடியாது, வித்தியாசம் −0.4 முதல் +2.0 கிராம் வரை இருக்கலாம். ஆனால் அதன் நிறைச் சிதறல் பழையதைவிட அதிகம் என்பதற்கு வலுவான அறிகுறி உண்டு, இந்த மாதிரியில் அது இரண்டு மடங்குக்கு மேல். இப்போதைய அமைப்பில் 100 கிராமுக்குக் குறைந்த பக்கற்றுகள் ஏறத்தாழ மூன்று மடங்காகும். வாங்குவதற்கு முன் பழையதைப் போலவே பத்து நாள், நாளுக்கு 4 பக்கற் வீதம் எடுத்துப் பார்க்க அனுமதி தேவை.”

அனுமதி கிடைத்தால், நாலையும் ஒரே நேரத்தில் எடுக்கவேண்டாம். காலை, நண்பகல், பின்னேரம், இரவு என்று பிரித்து எடுங்கள். நிறையோடு நேரம், ரகம், நிரப்பிய வாயின் இலக்கம் மூன்றையும் எழுதிவையுங்கள். 40 சேர்ந்ததும் தாளை அனுப்புங்கள். நிரல்களை வரிசைப்படுத்தாமல்.